ரம்பத்துக்கு அந்தப் பக்கம்

மஸ்கட்
7.7.1991

அன்புள்ள அம்மாவுக்கும் கலைமதிக்கும் தம்பி ரகுபதிக்கும் கோதண்டம் எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா?

ஒரு முக்கியமான விஷயம். பொங்கலுக்கு நான் வந்துவிடுகிறேன். லீவில் இல்லை, ஒரேயடியாக. கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். தண்டலம் பக்கத்தில் ஏதோ ஹாஸ்டல் கட்டுகிறார்களாம். அதற்கு அறுபது கதவு வேண்டும் என்று காண்டிராக்டர் சுப்பராயன் சொன்னதாகக் கலைமதியின் அப்பா எழுதியிருந்தார். "மஸ்கட் மெஷின்காரர் செய்வதாயிருந்தால் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றாராம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையையே பட்டறை ஆக்கிவிடலாம்.

தம்பி, பட்டறைக்கு ஒரு ரம்ப மெஷின் வேண்டும். மேசை வைத்தது, நடுவில் வட்ட பிளேடு சுற்றுவது. நீ டிப்ளமா படித்தவன். மறைமலை நகரில் டூல்ரூமில் தினமும் மெஷினோடு இருக்கிறவன். நல்லதாகப் பார்த்து முடிவு செய். நான் வரும்போது மெஷின் கொட்டகையில் நிற்கவேண்டும்.

கலைமதி, வேளைக்குச் சாப்பிடு. இந்த அறுபது கதவு நல்லபடி முடிந்தால் நான் மறுபடி விமானம் ஏறவேண்டியதில்லை.

உங்கள்
கோதண்டம்


சேரப்பணஞ்சேரி
28.7.91

அண்ணா,

எல்லாரும் நலம், நீயும் நலமாக இருக்கவேண்டும் என்று முதல் வரியில் எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எழுதிவிட்டேன். தைலம் பெட்டியில்தான் இருக்கிறது.

உன் லெட்டரை எப்பவும்போல நான்தான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அம்மா, அண்ணி, பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு, அவள் மாமியார் எல்லாரும் இருந்தார்கள். "ஒரேயடியாக" என்ற இடத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அண்ணி வைத்த குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

மெஷின் பார்க்கப் போன கதையைக் கேள். படப்பையில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, லிங்கி செட்டித் தெருவுக்குப் போனேன். மூன்று கடை. மூன்றிலும் குமட்டல்தான் மிச்சம். முதல் கடையில் மெஷினை எங்கே என்று கேட்டால் புத்தகத்தில் படம் காட்டுகிறான். இரண்டாவது கடையில் "புது மெஷின் சார்" என்று ஒன்றைத் துணி விலக்கிக் காட்டினான். பளபளவென்று பச்சை பெயிண்ட். நகத்தால் ஓரத்தில் சுரண்டினேன். உள்ளே இன்னொரு பெயிண்ட், அதற்குள்ளே துரு, துருவுக்கு மேலே பட்டி பூசியிருக்கிறான். "இன்னா சார் சொரண்டிகினே கீறீங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா மெஷின் பாக்க வந்தீங்களா?" என்கிறான். "பொண்ணுக்கு இவ்ளோ பவுடர் போடமாட்டாங்கய்யா" என்றேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வெட்கமே கிடையாது. மூன்றாவது கடையில் நான் பையிலிருந்து ஆட்டம் அளக்கிற டயல் கேஜை எடுத்ததும், ஏதோ பாம்பை எடுத்த மாதிரி ஓனர் எழுந்துவிட்டார். பிளேடு மாட்டுகிற ஷாஃப்டில் முள்ளை வைத்துச் சுற்றினால் அரை மில்லி ஆடுகிறது. "மரம்தானே சார், அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றார். இந்த நாட்டில் எல்லாமே அட்ஜஸ்ட் ஆகிவிடுகிறது. அதுதான் வியாதி.

எனக்குத் தகவல் வேண்டும். கதவுக்கு எத்தனை இஞ்ச் தடிமனில் பலகை? மரம் கோங்கா, வேம்பா? நீ அங்கே ஓட்டுகிற மெஷினில் பிளேடு எத்தனை இஞ்ச்? பிளேடு சாயுமா, நேராக மட்டும் நிற்குமா? பலகை சாய்ந்து ஓடுகிற நேர்க்கட்டையை எப்படிப் பூட்டுகிறாய், ஒரு முனையிலா இரண்டு முனையிலா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. "நல்லதாகப் பார்" என்று எழுதாதே. நல்லது என்பது அளவு இல்லை.

ரகுபதி


மஸ்கட்
17.8.1991

அன்புள்ள அம்மா, கலைமதி, தம்பிக்கு. நான் சுகம். இங்கே வெயில் சொல்லமுடியாது, ஆனால் எங்களுக்கு ரூமில் ஏசி உண்டு. கவலைப்படவேண்டாம்.

தம்பி, நீ மெட்ராஸ் போய் அலைந்ததைப் படித்து ரூமில் எல்லாரும் சிரித்தோம். இங்கே யாருக்கு லெட்டர் வந்தாலும் ஃபிரடிதான் சத்தமாகப் படிப்பான். பவுடர் பேச்சை அவன் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மரம் கோங்காகவே இருக்கட்டும். ஆனால் இப்போதே வாங்கி அடுக்கிவிடு. அடுக்கும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள சிறு குச்சிகள் வை, ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரும்படி. இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். தூக்கிப் பார்க்கும்போது ஒரு பலகை மற்றதைவிடக் கனத்தால் அதைத் தனியாக வை. அதற்குள்ளே ஈரம் இருக்கிறது.

மெஷினைப் பொறுத்தவரை உனக்கு எது சரியென்று படுகிறதோ அதை வாங்கு. எங்கள் கம்பெனியில் இருப்பது ஜெர்மன் மெஷின். பெரியது. நல்ல சத்தம்.

அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொள்ளவும். கலைமதிக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன்.

கோதண்டம்


சேரப்பணஞ்சேரி
8.9.91

அண்ணா,

வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அம்மா தைலம் தேய்த்தது, கண்ணில் பட்டு இரண்டு நாள் அழுதது.

"நல்ல சத்தம்." இதை நான் கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். அம்மா தலையை ஆட்டியது. சின்னப்பொண்ணு மாமியார், "ஜெர்மன்னா சும்மாவா" என்றது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஐந்து கேள்வி கேட்டேன், நீ ஒன்றுக்கு பதில் எழுதியிருக்கிறாய். அதுவும் மரத்தைப் பற்றி. மெஷினைப் பற்றி நீ எழுதியதை ஒரு மாட்டு வியாபாரிகூட எழுதுவான்.

நம்மூர்ப் பக்கம் பார்க்கலாமே என்று போன ஞாயிறு படப்பையில் எல்லப்பன் வெல்டிங் கடைக்குப் போனேன். ஆங்கிள் இரும்பில் கட்டில் மாதிரி ஒரு ஸ்டாண்டு, மேலே ஒரு தகடு, நடுவில் பிளேடு ஓடுகிறது. அதற்கு மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. பிளேடுக்கு மூடி மட்டும் இல்லை. "மூடி எங்கேய்யா?" என்றேன். "மூடிட்டா இன்னா தெரியும் சார்?" என்றான். "கை போறது தெரியாதுய்யா, அதுக்குத்தான் மூடி." "எங்க மிஷின்ல இதுவரைக்கும் ரெண்டே பேருக்குத்தான் சார் போச்சு. அதுவும் அவுங்க தப்பு." சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் முடிவுக்கு வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் வார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. மேசை முழுக்க வார்ப்பிரும்பு. பிளேடுக்கு மூடி உண்டு. பின்னால் ஒரு தகடு நிற்கிறது, அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது பார்த்துக்கொள்ளும். கவ்வினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பலகை அறுக்கிறவன்மேல் திருப்பி அடிக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் போட்டுத் தருவார்கள். நம் வீட்டு லைனுக்கு அதுதான் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இங்கே வோல்டேஜ் விழுகிற விழுகைக்கு அப்போது ஓட்டினால் மோட்டார் எரியும், அது வேறு.

ஆர்டர் கொடுக்கும்போது சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். அதற்காக ஒரு படம் வைத்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்த மாதிரி மேசை, நடுவில் பிளேடு. பலகை போகிற திசைக்கு அம்பு போட்டிருக்கிறேன். சுற்றிலும் நான்கு எண். 1, பலகையைத் தள்ளுகிற பக்கம், பிளேடுக்கு நேராக. 2, அதே பக்கம், பிளேடுக்கு ஒரு முழம் இடதுபுறம். 3, வலது ஓரம். 4, எதிர்ப்பக்கம். மெஷின் ஓடும்போது நீ நிற்கிற இடத்துக்கு வட்டம் போட்டு அனுப்பு. எழுதச் சொல்லவில்லை, ஒரே ஒரு வட்டம்.

ரகுபதி


மஸ்கட்
26.9.1991

அன்புள்ள அனைவருக்கும். நான் சுகம், நீங்கள் சுகமா. கலைமதியின் பேச்சே உன் லெட்டரில் இல்லை, ஏன் தம்பி? அவள் சொல்வதை ஒரு வரியாவது கேட்டு எழுது.

படத்தில் வட்டம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

கோங்கு வாங்கிவிட்டாயா? நிழலில் அடுக்கு.

கோதண்டம்


மறைமலை நகர்
9.10.91

கோதண்டம் அண்ணாவுக்கு,

இதைக் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் நலம் விசாரிக்க ஆள் இருக்கிறார்கள், இங்கே இல்லை. அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ 4க்கு வட்டம் போட்டிருக்கிறாய்.

4 என்பது பலகை வெளியே வருகிற பக்கம். அங்கே நிற்கிறவன் அறுக்கமாட்டான். அறுத்து வருகிறதைப் பிடித்து இழுத்து அடுக்குவான். அவனுக்குப் பெயர் ஹெல்பர். முதலில் நீ படத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அம்பு போட்டிருக்கிறேனே, எப்படித் தலைகீழாகும்? பிறகு உன் பழைய லெட்டரெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பலகையின் கனம், ஈரம், முறுக்கு, அடுக்குகிற குச்சி. ஆறு வருஷத்து லெட்டரில் பிளேடைப் பற்றி ஒரு வரி கிடையாது. மெஷினைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சத்தம்தான். அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்கிறது அதுதானே.

நீ மெஷின்காரன் இல்லை. மெஷினை ஒரு நாளும் தொட்டது இல்லை.

ஹெல்பர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எது அருவருப்பாக இருக்கிறது தெரியுமா? ஆறு வருஷமாக உன் லெட்டரைச் சத்தமாகப் படித்தவன் நான். "மெஷினில் இன்றைக்கு ஓவர்டைம்" என்று படித்தேன். "மெஷினை நம்பித்தான் கம்பெனியே" என்று படித்தேன். அம்மா முகத்தைப் பார்த்து, அண்ணி முகத்தைப் பார்த்துப் படித்தேன். பொய் சொன்னது நீ, ஆனால் வந்தது என் வாயிலிருந்து. இப்போது வாயைக் கொப்பளிக்கவேண்டும்போல இருக்கிறது.

அதுகூடப் போகட்டும். அறுபது கதவு என்று ஒத்துக்கொண்டு வருகிறாயே, யார் அறுப்பது? உன் கை ஆறு வருஷம் இழுத்துப் பழகிய கை. இந்தப் பக்கம் வந்து நின்றாலும் அது பிளேடைத் தாண்டி எட்டி, அந்தப் பக்கத்துப் பலகையைப் பிடிக்கத்தான் பார்க்கும். மூடி, தகடு, கோயம்புத்தூர் எதுவும் அந்தக் கையைக் காப்பாற்றாது. கதவும் வராது, கையும் இருக்காது, அப்புறம் ஊரில் பெயர் எங்கே இருக்கும்?

ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். உண்மையை எழுது. வீட்டுக்கு எழுதாதே, எழுதினால் நான்தான் படிக்கவேண்டும். கம்பெனி டைம் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது.

ரகுபதி


மறைமலை நகர்
17.11.91

அண்ணா,

ஐந்து வாரம் ஆகிறது. தீபாவளிக்குக்கூட உன் லெட்டர் வரவில்லை. நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

தீபாவளியன்று போஸ்ட்மேன் வரமாட்டார் என்று தெரிந்தும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அண்ணி, "மெஷின்ல வேலை ஜாஸ்தியா இருக்கும் அத்தை" என்று சமாதானம் சொன்னார்கள். எனக்கு வாயில் வைத்த அதிரசம் மண்ணாக இருந்தது.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் உன்னிடம் உண்மை கேட்டவன் நான்.

போன ஞாயிறு ஓவர்டைம் போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் ஷாப் இருக்கிறது, அங்கே ஒரு ரம்ப மெஷின். ஆபரேட்டர் வெங்கடேசனிடம் சொல்லி ஒரு பலகை அறுக்கிறேன் என்றேன். "டிப்ளமாகாரு வந்துட்டாருடா, வழி வுடுங்க" என்றான். கோடு தெரியவில்லை என்று நானே மூடியைத் தூக்கினேன். அந்த மெஷினில் பின்தகடு கிடையாது. பலகையைத் தள்ளினேன். எங்கே நின்றேன் என்று நினைக்கிறாய்? 1. பிளேடுக்கு நேராக. படம் போட்டது நான், எண் போட்டது நான், திருப்பி அடிக்கும் என்று உனக்குப் பாடம் எழுதியதும் நான்.

முக்கால் பலகை போகும்போது கவ்வியது. என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன். பலகை எனக்குப் பின்னால் சுவரில் மோதிக் கிடந்தது. வயிற்றில் பலகை முனை அகலத்துக்கு நீலமாக ஒரு கட்டம். வெங்கடேசன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தான். "இன்னா டிப்ளமா, வயித்துலயே ஸ்டாம்ப் அடிச்சிகினியே. இது சர்டிபிகேட்ல சேராது" என்றான். ஷிப்ட் முடிகிறவரை யார் என்னைப் பார்த்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நானும் பலகை அறுத்தது இல்லை, அண்ணா. அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனால் தெரிந்தவன் மாதிரி நான்கு மாதமாக உன்னை வறுத்தெடுத்தேன். லிங்கி செட்டித் தெருவில் பெயிண்டைச் சுரண்டினேனே, அதே வேலைதான் என்மேலும் ஆகியிருக்கிறது.

பதில் எழுது. கோபமாக இருந்தாலும் எழுது.

ரகுபதி


மஸ்கட்
29.11.1991
(மறைமலை நகர் கம்பெனி விலாசத்துக்கு)

அன்புத் தம்பிக்கு,

நலம். வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்தாயா? நீலம் மஞ்சளாகும், பயப்படாதே.

உன் அக்டோபர் லெட்டரையும் ஃபிரடிதான் படிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டான். இங்கே எல்லாருக்கும் நான் யாரென்று தெரியும். மெஷின்காரன் ஃபிரடிதான். அவன் தள்ளுவான், நான் இழுப்பேன். அவன் எதிரில்தான் ஆறு வருஷமும் நின்றேன். நீ படம் அனுப்பியபோது அவன் "மெஷின்காரன் நிக்கிற இடம் 2, அதுல போடுண்ணா" என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தான். பேனாவை வாங்கினேன். கை 4க்குத்தான் போனது. அந்த ஒரு காகிதத்திலாவது உள்ளது இருக்கட்டுமே என்று தோன்றியிருக்கும். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நான் முதலில் பொய் என்று எதுவும் சொல்லவில்லை. லீவில் வந்து கலைமதியைப் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவள் அப்பா கேட்டார். "மெஷின்ல வேலை" என்றது அம்மா. மெஷினில்தானே வேலை என்று நான் சும்மா இருந்தேன். அவர் அதை மெஷின்காரர் என்று ஊரில் சொன்னார். அதற்கப்புறம் எழுதிய ஒவ்வொரு லெட்டரும் அதைத் தாங்குவதற்கு எழுதியது. ஏசியும் கிடையாது. எட்டுப் பேருக்கு இரண்டு மின்விசிறி.

கலைமதி என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதுதான் ஐந்து வாரமும். வேறு எதுவும் இல்லை.

உன் இரண்டாவது லெட்டரை ஃபிரடி முழுசாகப் படித்தான். நீ தரையில் உட்கார்ந்த இடத்தில் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது எழுதலாம் என்று இருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கழிவுப் பலகையில் அறுத்துப் பழக விடுவதாக ஃபிரடி சொல்லியிருக்கிறான். நேற்று ஆரம்பித்தேன். நீ சொன்னது சரி. கை எட்டத்தான் பார்க்கிறது. அவன் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டிவிட்டு, மெஷினை நிறுத்தி வைத்து, வெறும் பலகையை ஒரு கையால் தள்ளச் சொல்கிறான்.

வீட்டுக்குத் தனியாக ஒரு லெட்டர் இன்றைக்கே போடுகிறேன். எப்போதும்போல நீயே படி. ஒரு வார்த்தையும் விடாதே.

கோதண்டம்


மஸ்கட்
29.11.1991

அன்புள்ள அம்மாவுக்கும் கலைமதிக்கும். நான் சுகமாக இருக்கிறேன்.

நான் இங்கே மெஷின்காரன் இல்லை. மெஷின்காரருக்கு எதிரில் நின்று அறுத்த பலகையைப் பிடித்து அடுக்குகிற ஹெல்பர். ஆறு வருஷமும் அதே வேலைதான். ரூமில் ஏசியும் கிடையாது. கல்யாணத்தின்போது மாற்றிச் சொன்னது தெரிந்தும் நான் திருத்தவில்லை. ரகுபதிக்கும் இப்போதுதான் தெரியும், அவனைத் திட்டவேண்டாம். மெஷின் வேலையை இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அறுபது கதவு என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு வருகிறேன்.

கோதண்டம்


சேரப்பணஞ்சேரி
15.12.91

அண்ணா,

அம்மா படுத்திருக்கிறது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம். நான் நலம்.

வெள்ளிக்கிழமை லெட்டர் வந்தது. கூடத்தில் எப்போதும்போல எல்லாரும். சின்னப்பொண்ணு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "சுகமாக இருக்கிறேன்" வரை படித்தேன். அடுத்த வரியில் கண் நின்றது. அண்ணா, ஒன்று சொல்கிறேன். பொய் பிடிக்காது, அட்ஜஸ்ட் பிடிக்காது என்று பேசுகிறவன் நான். அந்த ஒரு நொடியில் என் மனசுக்குள் முழுசாக ஒரு பொய் லெட்டர் தயாராகிவிட்டது. "மெஷினில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை" என்று ஆரம்பமும் வைத்துவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு உள்ளதைப் படித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

அம்மா முதலில், "அவன் எழுதினது இல்ல இது, வேற எவனோ எழுதிக்கீறான்" என்றது. பிறகு, "நான் இன்னா தப்பா சொன்னேன், மெஷின்லதானே வேலைன்னேன்" என்று அழுதுகொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டது.

அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். "அப்போ தெனமும் இன்னா பண்றாரு?" என்று கேட்டார்கள்.

"அறுத்து வர்ற பலகையைப் பிடிச்சு அடுக்குறாரு அண்ணி."

"எத்தினி பலகை?"

"இருநூறு, முந்நூறு இருக்கும்."

"கனமா?"

"கனம்தான்."

"அதை எழுதுறதுக்கு இன்னா?" என்றார்கள். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த வெறுப்பை நான் எந்தக் கடைக்காரன்மேலும் காட்டியதில்லை. எழுந்து, முகம் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் சுப்பராயன் ஸ்கூட்டரில் வந்தார். "உங்க அண்ணி நேத்து சைட்டுக்கே வந்துட்டாங்கய்யா. கான்கிரீட் ஓடிகினு கீது, நடுவுல வந்து நிக்கிறாங்க. 'எங்க வூட்டுக்காரரு மெஷின்காரர் இல்ல, எங்கப்பா சொன்னது தப்பு. பத்துக் கதவு குடு, கோணல் இல்லாம வந்தா மீதி குடு, வந்தது கோணல்னா பத்தையும் திருப்பி அனுப்பிடு'ன்றாங்க. என் வாழ்க்கையில சரக்கு மட்டம்னு முதல்லயே சொல்லி ஆர்டர் கேட்ட ஆளை நான் பார்த்ததில்ல." சிரித்தார். பிறகு ஐம்பதை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பத்து நமக்கு. அந்தப் பத்தும் மார்ச்சுக்குள். ஐம்பது போனதற்கு அண்ணியிடம் நான் வருத்தம் சொன்னேன். "போனது நம்மளது இல்ல" என்று உள்ளே போய்விட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஜனவரி கடைசியில்தான் வரும், நீ வரும்போது கொட்டகை காலியாக இருக்கும். இருக்கட்டும். சுவிட்ச் 2க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், முட்டியால் தட்டினாலே நிற்கும். இங்கே டீலர் சொன்னார், ஆசாரிகள் மெஷின் வந்த அன்றைக்கே மூடியைக் கழற்றி எறிந்துவிடுவார்களாம். அதனால் மூடியின் கீலில் ஒரு சின்ன சுவிட்சை வைக்கிறேன். மூடியைத் தூக்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான். தூக்கியவன் நான்தானே.

கோங்கு வந்துவிட்டது. குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். நாலு பலகை மற்றதைவிடக் கனம்.

ரகுபதி


சேரப்பணஞ்சேரி
16.12.91

எங்க வீட்டுக்காரருக்கு கலைமதி எழுதிக்கொண்டது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு எனக்குத் தெரியலை. இத்தினி வருஷமா நல்லா இருக்கேன்னு எழுதினதுல எது நெசம்னு இனிமே எப்படித் தெரியும்.

எனக்கு எழுதத் தெரியாதுன்னு யாரும் சொன்னதில்ல. யாரும் கேட்டதும் இல்ல. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். எழுத்து கோணலா இருந்தா நீங்களே கூட்டிப் படிங்க.

எனக்கு ஹெல்பர்னா இன்னா மெஷின்காரர்னா இன்னான்னு கல்யாணத்தப்ப தெரியாது. நெசத்தைச் சொல்லியிருந்தா சரின்னுதான் இருப்பேன். சொல்லாததுதான் எனக்கு ஆறலை. நான் நம்பி ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன். நெனச்சா உடம்பு கூசுது. ஏசி ரூம்னு சொன்னேன். நீங்க புழுங்கிகினு கெடந்தப்ப நான் இங்க பீத்திகினு இருந்திருக்கேன்.

சின்னப்பொண்ணு கேட்டுட்டா இல்ல, அவ சொல்றதுக்குள்ள சனிக்கிழமை காலையில குழாயடியில நானே சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரர் பலகை புடிச்சு அடுக்குறவரு, மெஷின் இப்பத்தான் கத்துக்கிறாரு, பொங்கலுக்கு வராருன்னு. சின்னப்பொண்ணு ஐயோ பாவம்னா. பாவத்தை அப்புறம் பாத்துக்கலாம், கொடத்தைத் தூக்கி இடுப்புல வைடின்னேன். வெச்சா. இனிமே நம்மளப் பத்திச் சொல்றதுக்கு யாருகிட்டயும் ஒண்ணும் இல்ல.

எங்கப்பாகிட்டயும் சொல்லி அனுப்பிட்டேன்.

இதையும் ஃபிரடி அண்ணனே சத்தமா படிக்கட்டும். எனக்கு வெக்கம் இல்ல.

கோவம் இருக்கு. நீங்க வந்தப்புறமும் இருக்கும். கோவத்தோடயே சோறு போடுவேன். அதுக்குப் பயந்துகினு டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீங்க.

கலைமதி